ஒரு யூனிட்டும் இரண்டு சட்டியும்

14.10.2024, திங்கள், காலை 6.40. தவறிய அழைப்புகள்: 11

பதினொன்றும் ஒரே எண்ணிலிருந்து. என் போனில் அந்த எண்ணுக்குப் பெயர் 'வெள்ளிங்கிரி மேஸ்திரி'. மேஸ்திரி வியாழக்கிழமையிலிருந்து ரிமாண்டில் இருக்கிறார். உள்ளே இருப்பவர் போன் செய்ய முடியாது. ஆகவே வேறு யாரோ அவர் போனிலிருந்து கூப்பிடுகிறார்கள். யார் என்று தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

நடந்ததை ஒருமுறை தெளிவாக எழுதிவிடுகிறேன். என் பெயர் மௌலீஸ்வரன். வயது 26. கட்டட டிசைன் இன்ஜினியர், கோயம்புத்தூர். நாங்கள் டிசைன் செய்த ஒரு வீட்டின் முதல் மாடி பால்கனி போன புதன்கிழமை காலை மழையில் முறிந்து விழுந்தது. வீட்டு ஓனர் அதில் மண்ணைக் கொட்டித் தோட்டம் போட்டிருந்தார். கீழே கேஸ் சிலிண்டர் இறக்கிக்கொண்டிருந்த ஜான் பீட்டர் என்பவருக்கு இடுப்பெலும்பும் இடது கையும் முறிந்தன. ஆள் பிழைத்துவிட்டார். என் வரைபடத்தில் தோட்டம் கிடையாது. மண் போட்டவர் மேஸ்திரி. 'அவராகத்தான் போட்டார்' என்று ஓனர் எழுதிக் கொடுத்துவிட்டார். மேஸ்திரி மறுக்கவில்லையாம்.

28ஆம் தேதி நான் போலீசில் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். அதுவரை ஆபீஸ் பக்கம் வராதே, போனை எடுக்காதே, யாரிடமும் பேசாதே என்று முதலாளி சௌந்தரராஜன் சார் சொல்லிவிட்டார். லேப்டாப்பையும் வாங்கிக்கொண்டார்கள். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டோடு போயிற்று.

ஓனரின் ஆட்கள் என் ரூமைத் தேடி வந்ததால் சுகந்தி அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். மூன்றாவது மாடி. மாமா மஸ்கட்டில் இருக்கிறார். அக்கா அறிவியல் டீச்சர். காலை எட்டு மணிக்குக் கதவை வெளியிலிருந்து பூட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள். யாராவது வந்தால் வீட்டில் ஆள் இல்லை என்று நினைக்க வேண்டுமாம். உள்ளிருந்தும் திறக்கிற பூட்டுத்தான், மாற்றுச் சாவி பிரிட்ஜ் மேல் இருக்கிறது. அவசரத்துக்கு.

இந்த டைரியும் அவள் கொடுத்ததுதான். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பள்ளி டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'வீட்டுப்பாடம்' என்று ஒரு கட்டம், 'பெற்றோர் கையொப்பம்' என்று ஒரு கட்டம்.

வீட்டுப்பாடம்: இல்லை.

15.10, செவ்வாய்

அக்கா காலையில் சொன்னாள்: "சும்மா உக்காந்து செவுத்தைப் பாத்துட்டு இருக்காத. அந்தப் பால்கனி மூணு வருசமா காலியாக் கெடக்குது. ஒரு தோட்டம் போட்டுக் குடு."

"தோட்டமா?"

"ஏன், இஞ்சினீருக்குத் தோட்டம் போடத் தெரியாதா?"

யோசிக்காமல் கேட்டாளா, யோசித்துத்தான் கேட்டாளா என்று தெரியவில்லை. தெரியும் என்று சொன்னேன்.

அளவு: நீளம் 9 அடி, அகலம் மூன்றரை. லேசர் மீட்டரை வாசப்படியில் வைத்து எடுத்தேன். முழுக்க இரும்பு கிரில் அடைத்தது. அணில் வராது, ஆளும் போக முடியாது. கட்டடத்துக்கு வயது 22. தூண் இல்லாமல் சுவரிலிருந்து நீட்டிய பால்கனி. அடியில் விரிசல் இருக்கிறதா என்று கீழே நின்றுதான் பார்க்க வேண்டும். கீழே போக முடியாது.

வெயில் காலை 8.10 முதல் 10.40 வரை. ஹாலிலிருந்தே பார்த்தால் தெரிகிறது.

16.10, புதன்

மழை. தவறிய அழைப்புகள் 13.

17.10, வியாழன்

திட்டம் முடிந்தது. இதை அக்காவிடம் விளக்கினால் கொட்டாவி விடுகிறாள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

அடிப்படை விதி: வெளியிலிருந்து மண்ணும் விதையும் ஒரே ஒரு முறை வரும். அதன்பின் எதுவும் வரக்கூடாது. குழாய்த் தண்ணீர் சொட்டுக்கூடக் கிடையாது. அரிசி கழுவுவது, காய் கழுவுவது, தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் வெளியே தள்ளுவது எல்லாம் சேர்த்து இந்த வீட்டில் ஒரு நாளைக்கு 14 லிட்டர் வீணாகிறது. மூன்று நாள் அளந்தேன். தோட்டத்துக்கு 9 லிட்டர் போதும். காய்கறித் தோல், டீத்தூள், முட்டை ஓடு எல்லாம் இரண்டு பெயின்ட் வாளிகளில் மாற்றி மாற்றி உரம் ஆகும். நாற்பது நாள். பள்ளிக்கூடத்தில் வீசுகிற பழைய இரும்பு அலமாரித் தட்டுகள் தொட்டி ஆகும். கனமான தொட்டிகள் சுவரை ஒட்டி, லேசானவை ஓரத்தில். தக்காளி, கொத்தவரை, புதினா, வெந்தயக்கீரை. ஓரத்து வடக்கு மூலை 'சி': வெந்தயம் மட்டும். வேர் ஆழம் போகாது, ஆறு அங்குல மண் போதும்.

எடைக் கணக்கும் போட்டேன். நாலு தடவை போட்டேன். சரியாகத்தான் இருக்கிறது.

அக்கா சாயந்திரம் வந்து பேப்பரைப் பார்த்தாள். "வெந்தயம் வெதைக்கறதுக்கு எதுக்குடா ஆறு பக்கம்?"

"எடை பாக்கணும்ல."

"வெந்தயத்துக்கா?"

பத்து மணி வாக்கில் சார் பேசியிருந்தார். எழுத மறந்துவிட்டேன்.

"ஒரே ஒரு கேள்விப்பா. அந்த மேஸ்திரிகிட்ட நீ வாய் வார்த்தையா ஏதும் சொன்னியா?"

"இல்ல சார்."

"நல்லது."

எழுத்தில் எதுவும் இல்லை. எழுத்தில் இல்லாததை யாரும் எடுத்துப் பார்க்க முடியாது. சரியான பதில்தான்.

18.10, வெள்ளி

அக்கா போனிலிருந்து மண்காரரைக் கூப்பிட்டேன். செம்மண்ணும் தேங்காய் நார்க்கழிவும் உரமும் கலந்தது வேண்டும் என்றேன்.

"எத்தனீங்க வேணும்?"

எனக்குத் தேவை 0.25 கன மீட்டர். அதாவது கால்.

"கால் யூனிட்."

"சரிங்க. நாளைக்குக் குட்டியானை வண்டில அனுப்பிச்சர்றேன்."

சிமென்ட் சாக்கில் கட்டினால் ஏழு மூட்டை வரும். மூன்று மாடி ஏற்ற ஒரு ஆளுக்கு அரை மணி நேரம்.

வீட்டுப்பாடம்: ஏழு மூட்டைக்கு இடம் ஒதுக்கியாயிற்று.

19.10, சனி, காலை 9.25

இருபது மூட்டை வந்திருக்கிறது.

அதே நாள், 11.00

அக்காவுக்கு லீவு. அவள்தான் கீழே போனாள். நான் படிக்கட்டு ஜன்னலிலிருந்து கத்தினேன்.

"யோவ், தப்பா எறக்கறீங்க! கால் யூனிட்தான் சொன்னேன்!"

வண்டிக்காரர் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டே மேலே பார்த்தார். "கால் யூனிட்தானுங்க இது. இருவது மூட்டை. பின்ன?"

"கால்னா ஏழு மூட்டைதான வரும்?"

"அதெந்த ஊரு யூனிட்டுங்க?" என்று சிரித்தார். "நூறு கனஅடிங்க ஒரு யூனிட்டு. நாலுல ஒரு பங்கு இருவத்தஞ்சு. எங்கப்பன் காலத்துல இருந்து இதேதானுங்க. சார் என்ன வேலை பாக்கறீங்க?"

ஜன்னலை விட்டு உள்ளே வந்துவிட்டேன்.

நூறு கனஅடி. 2.83 கன மீட்டர்.

எங்கள் ஆபீஸ் அளவுப் பட்டியலில் 'யூனிட்' என்று ஒரு பத்தி உண்டு. அதன்கீழே எல்லா வரியிலும் கன மீட்டர், கன மீட்டர், கன மீட்டர். மூன்று வருடமாக ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் அதைத்தான் பார்க்கிறேன். சைட்டுக்கு நான் போவதில்லை. மண்ணோ மணலோ நான் வாங்கியதில்லை. ஒரு யூனிட் என்றால் ஒரு கன மீட்டர்.

மூட்டைகள் கீழே பார்க்கிங்கில் கிடக்கின்றன. மேலே ஏற்ற வேண்டாம் என்று அக்காவிடம் சொன்னேன். ஏன் என்றாள். அதிகம் என்றேன்.

பேனா மக்கர் செய்கிறது. பிறகு எழுதுகிறேன்.

20.10, ஞாயிறு

எழுதித்தான் ஆக வேண்டும். இந்த டைரியை யாரும் படிக்கப்போவதில்லை.

போனின் பழைய அழைப்புப் பட்டியலில் இன்னும் இருக்கிறது. ஆகஸ்ட் 22, வியாழன், பகல் 11.17. வெள்ளிங்கிரி மேஸ்திரி. 41 வினாடி.

"சார், வெள்ளிங்கிரி பேசறனுங்க. அந்த வூட்டுப் பால்கனில ஓனரு தோட்டம் போடோணும்ங்கறாரு. ஒரு யூனிட் மண்ணு கொட்டச் சொல்றாரு. தாங்குமுங்களா சார்?"

"பதினாலுக்கு நாலு தான அது?"

"ஆமாங்க."

"ஒரு யூனிட்தான?"

"ஒரே யூனிட்டுங்க. அதுக்கு மேல ஒரு சட்டி போடமாட்டனுங்க."

"தாங்கும்."

"நேர்ல ஒருக்கா வந்து பாத்தீங்கன்னா..."

"தாங்கும்னு சொல்றேன்ல? வேலையா இருக்கேன், வைங்க."

அவ்வளவுதான். நான் அப்போது கண்ணை ஸ்க்ரீனிலிருந்து எடுக்கவில்லை. மனக்கணக்கு நாலு வினாடியில் முடிந்தது: ஒரு கன மீட்டர், காய்ந்த மண், ஆயிரத்து முந்நூறு கிலோ. ஒரு சதுர மீட்டருக்கு 250. பால்கனி தாங்குவது 300. தாங்கும். அந்தக் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. இத்தனை நாளாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆள் சொன்னதைவிட ஜாஸ்தி போட்டிருக்கிறார், என் மேல் தப்பில்லை என்று.

இன்று திரும்பப் போட்டேன். ஒரு யூனிட், மழையில் நனைந்த மண்: ஐயாயிரத்து நூறு கிலோ. ஒரு சதுர மீட்டருக்கு ஆயிரம்.

பேப்பரைக் கிழித்து உர வாளியில் போட்டேன். பேப்பரும் மக்கும்.

21.10, திங்கள்

கீழே மூட்டைகளால் தகராறு. அசோசியேஷன் செகரட்டரி பார்த்தசாரதி அக்காவை வழிமறித்தாராம்: "என்னம்மா இருவது மூட்டை? பார்க்கிங்ல புள்ளையார் கோயில் கட்டறீங்களா? சொன்னா நானும் தேங்கா ஒடைப்பேன்ல?"

அக்கா, துளசிக்கு எடுத்துக்கங்க சார் என்று அவருக்கே இரண்டு மூட்டை கொடுத்துவிட்டாள். சாயந்திரத்துக்குள் மற்ற வீட்டுக்காரர்கள் ஒன்பது மூட்டை கொண்டுபோனார்கள். மீதி ஒன்பது. இரண்டை அக்கா இழுத்து இழுத்து மேலே கொண்டுவந்தாள். என்னை விடவில்லை, யாராவது பார்த்துவிடுவார்களாம்.

அஞ்சறைப்பெட்டியிலிருந்து ஒரு கை வெந்தயம் எடுத்து, ஒரு அலமாரித் தட்டில் மண் நிரப்பி விதைத்தேன். தட்டை ஹாலில், பால்கனி வாசப்படியை ஒட்டி வைத்தேன்.

"வாசப்படில தோட்டம் போடற ஆள இப்பத்தாண்டா பாக்கறேன்."

"முளைக்கிற வரைக்கும் நிழல் வேணும்."

"பொய் சொல்லாத. எட்டு நாளா இந்தப் படிய விட்டு அந்தப் பக்கம் நீ ஒரு கால் வெக்கல."

வைக்க வேண்டிய வேலை எதுவும் வரவில்லை.

தவறிய அழைப்புகள் 17.

22.10, செவ்வாய்

முக்கால் டம்ளர் அரிசி கழுவிய தண்ணீர். மண் ஈரம் சரி.

பகல் முழுக்கக் கட்டில், ஹால், அடுக்களை. கட்டிலிலிருந்து அடுக்களைக் குழாய் வரை 19 அடி. 64 தடவை நடந்தேன்.

23.10, புதன்

வெந்தயம் முளைத்துவிட்டது. சில விதைகள் தோலைத் தலையில் தொப்பிபோல் சுமந்துகொண்டு நிற்கின்றன. எண்ணினேன். 212.

மாலை ஐந்தரைக்கு அந்த எண் மறுபடி அடித்தது. நான் உரவாளியைக் கிளறிக்கொண்டிருந்தேன், கையெல்லாம் டீத்தூள். "யார்றா இது, பதினெட்டாவது தடவையாக் கூப்படறது?" என்று அக்கா எடுத்துவிட்டாள். எடுத்து ஸ்பீக்கரிலும் போட்டுவிட்டாள்.

ஒரு பெண் குரல். "இஞ்சினீர் சாருங்களா?"

"நான் அவன் அக்கா. நீங்க யாருங்க?"

"நான் வெள்ளிங்கிரி சம்சாரம், கருணாம்பாளுங்க. சார் கோவத்துல இருப்பாருன்னு தெரியுமுங்க. போன வெச்சராதீங்க. ஒரே ஒரு சொல்லு, சொல்லிட்டு நானே வெச்சர்றேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. அவள் "சொல்லுங்க, கேட்டுட்டுத்தான் இருக்கான்" என்றாள்.

"சார், ஜெயில்ல மனு போட்டு எங்கூட்டுக்காரரப் பாத்தனுங்க. உங்ககிட்டச் சொல்லச் சொன்னாரு. ஒரு யூனிட்டுன்னுதான் சார்கிட்டக் கேட்டனாம், சாரும் அதுக்குத்தான் தாங்கும்னாராம். ஆனா போட்டு முடிச்சப்பறம் ஒரு மூலைல பள்ளமாத் தெரிஞ்சுதுங்களாம். ஓனரு நெரவிவுடச் சொன்னாராம். கீழ சிந்துன மண்ணு இருந்துருக்குது. இவரு ரெண்டு சட்டி அள்ளிப் போட்டுட்டாராம். சாருக்கு வாக்குக் குடுத்துட்டு மீறிப் போட்டுட்டேன், அந்த ரெண்டு சட்டிலதான் போயிருச்சு, சார் பேரு எங்கயும் வரக்கூடாதுன்னு அழுவறாருங்க. நாங்க யாருகிட்டயும் சொல்லலைங்க. சார மன்னிச்சுக்கச் சொல்லுன்னாரு. அதுக்குத்தானுங்க இத்தன நாளாக் கூப்பிட்டேன்."

இந்தப் பதினேழு அழைப்புகளையும் நான் மிரட்டல் என்று நினைத்திருந்தேன்.

சொல்ல வேண்டியது ஒரே வரி. இரண்டு சட்டியால் எதுவும் விழாது. வாய் வரை வந்தது.

"சரிங்க" என்றேன்.

"பெரிய மனசுங்க உங்களுக்கு. நாயித்துக்கெழம திரும்ப மனு போடறேன், சொல்லிர்றேன். அந்தக் கேஸ் சிலிண்டர்காரத் தம்பிக்கும் தெனம் ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுபோய்க் குடுத்துட்டுத்தான் வாறேன். அவரு சாபம் எங்களுக்கு வேண்டாமுங்க. சார் சாப்புட்டீங்களா?"

"சாப்டேன்."

வைத்துவிட்டாள். அக்கா போனை மேஜையில் வைத்து, பீன்ஸை எடுத்து நறுக்க ஆரம்பித்தாள். நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"ரெண்டு சட்டி எத்தன கிலோடா?"

"முப்பது."

"மொத்தம் எவ்ளோ இருந்துச்சு?"

"அஞ்சாயிரத்துக்கு மேல."

"தாங்கறது?"

"ஆயிரத்து ஐநூறு."

கத்தியைக் கீழே வைத்தாள். "அப்ப அந்த மண்காரன்கிட்ட நீ சண்ட போட்டது..."

"ஆமா."

அடுப்பை அணைத்தாள். அதில் எதுவும் இல்லை, தண்ணீர் மட்டும்தான் கொதித்துக்கொண்டிருந்தது.

24.10, வியாழன்

காலையில் சட்டையை மாட்டினேன். மாற்றுச் சாவி பிரிட்ஜ் மேல் இல்லை.

"சாவி எங்க?"

"நீ எங்க போற?"

"ஸ்டேஷனுக்கு."

"போகாத." கையில் டிபன்பாக்ஸ், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய கோலம். "இருவத்தெட்டு வரைக்கும் வாய மூடிட்டு இரு. உங்க சார் பாத்துக்குவாரு. நீ சொன்னதுக்கு சாட்சி இருக்குதா? இல்லீல்ல?"

"மேஸ்திரி உள்ள இருக்காரு."

"தெரியும். நேத்து நானுந்தான் கேட்டேன். எனக்கு மட்டும் தூக்கம் வந்துச்சா?" டிபன்பாக்ஸ் மூடியை அழுத்தி மூடினாள். "நீ உள்ள போனா பொள்ளாச்சில அம்மாகிட்ட யாரு சொல்றது? அம்மா தாங்கமாட்டாடா."

"எவ்வளவு வரைக்கும் தாங்கும்?"

ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை. வாயில் வந்துவிட்டது. அக்கா டிபன்பாக்ஸாலேயே தோளில் ஒன்று வைத்தாள். பிறகு வெளியே போய்ப் பூட்டினாள். இரண்டு தடவை இழுத்துப் பார்க்கும் சத்தம் கேட்டது.

கிரில்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 9 அடி நீளம், 26 கம்பி. மூன்று பக்கமும் சேர்த்து 46.

25.10, வெள்ளி

சாவி மறுபடி பிரிட்ஜ் மேல் வரவில்லை. வெந்தயத்துக்கு முக்கால் டம்ளர்.

26.10, சனி

சார் நேரில் வந்தார். இனிப்புப் பெட்டியோடு, தீபாவளி வருகிறதாம். தட்டைத் தாண்டும்போது, "கீரையா? நல்ல ஹாபிப்பா" என்றார்.

வாக்குமூலத்தை அவரே டைப் அடித்துக் கொண்டுவந்திருந்தார். மூன்றே வரி. மூன்றாவது வரி: 'மண் நிரப்புவது குறித்து என்னிடம் எவரும் எவ்வகையிலும் ஆலோசனை கேட்கவில்லை.'

"சார், யூனிட்னா என்ன அளவு?"

"என்ன கேள்விப்பா இது? நூறு கனஅடி."

"எனக்குத் தெரியாது சார். ஒரு கன மீட்டர்னு நெனைச்சுட்டேன்."

சார் பேனா மூடியைத் திருகி மூடினார். அவருக்குப் புரிந்துவிட்டது. கேட்காததுபோல் இருந்துவிடுவது என்று அவர் முடிவெடுத்ததும் முகத்திலேயே தெரிந்தது.

"அந்த மேஸ்திரியே ஒத்துக்கிட்டான். நீ எதுக்குப்பா குறுக்க போற? ஆபீஸ்ல முப்பது பேர் இருக்காங்க. திங்கக்கிழமை பத்து மணிக்குக் காரோட வரேன், சேந்து போலாம். கையெழுத்து மட்டும் போடு."

அக்கா காபி கொண்டுவந்து வைத்தாள். அவர் போன பிறகு பேப்பரை எடுத்து மூன்று வரியையும் படித்தாள். அவள் பிள்ளைகள் நோட்டைப் படிக்கிற மாதிரி, விரலை ஓட்டி. மூன்றாவது வரியில் விரல் நின்றுவிட்டது. இனிப்புப் பெட்டியை அவள் திறக்கவில்லை.

27.10, ஞாயிறு, மாலை 5.20

மதியம் தூங்கிவிட்டேன். எழுந்தபோது ஹாலில் வெந்தயத் தட்டு இல்லை.

"செடி எங்கக்கா?"

அக்கா அடுக்களையிலிருந்து, "உன் ப்ளான்ல எங்க போட்டிருந்ததோ அங்க" என்றாள்.

வாசப்படியில் நின்று பார்த்தேன். தட்டு பால்கனியில், வடக்கு மூலையில், நான் 'சி' என்று குறித்த இடத்தில். ஓரத்தில், கிரில்லை ஒட்டி. தட்டுக்குள் வெந்தயத்துக்கு நடுவே பித்தளையாக ஏதோ மின்னியது. சாவி.

"சாவிய எதுக்கு அங்க வெச்ச?"

"வேணும்னா எடுத்துக்க."

"நீ எடுத்துக் குடு."

"நான் அரிசி கழுவறேன்."

கையை நீட்டினேன். எட்டவில்லை. துடைப்பக்கட்டையால் இழுக்கலாமா என்று பார்த்தேன். இழுத்தால் செடி நசுங்கும். அளந்தேன், கண்ணால்: வாசப்படியிலிருந்து நாலரை அடி.

கணக்குப்படி ஒரு மனிதன் ஒன்றுமே இல்லை. 68 கிலோ. தட்டு 22. இந்தப் பால்கனி பத்து மடங்கு தாங்கும். நான் ஆறு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.

வலது காலை வைத்தேன். தரை சில்லென்று இருந்தது. உள்ளங்கையால் சுவரைப் பிடித்திருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது. இடது கால். கீழே எட்டிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பார்த்தேன். மூன்று மாடி கீழே, எனக்கு நேர் அடியில், யாரோ ஒருவர் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலை வழுக்கை. மேலே ஒருதடவைகூடப் பார்க்கவில்லை. மேலே இருப்பது நின்றுகொள்ளும் என்று நம்பித்தான் துடைத்துக்கொண்டிருந்தார்.

அங்கேயே கொஞ்சநேரம் நின்றேன்.

சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தபோது அக்கா அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். கையில் அரிசி கழுவிய தண்ணீர், டம்ளரில். முக்கால் அளவு. கண் சிவந்திருந்தது.

"அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றாள். "காலைல எத்தன மணிக்கு எழுப்பணும், சாமி?"

சொன்னேன். பிறகு இந்தப் பக்கத்தைத் திறந்து அவளிடம் நீட்டினேன். 'பெற்றோர் கையொப்பம்' கட்டத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள். மேலே இருப்பதை அவள் படிக்கவில்லை. வீட்டுப்பாடக் கட்டம் காலியாக இருக்கும்போதே போட்டாள். இப்போது நிரப்புகிறேன்.

வீட்டுப்பாடம்:

1. காலை 5.45: எழுவது. சார் 10 மணிக்கு வருவார். 8 மணிக்குள் பஸ்ஸில் ஸ்டேஷன் போய்விடுவது. மூன்று வரிப் பேப்பரை எடுத்துப் போகக்கூடாது.

2. சொல்ல வேண்டியது: ஆகஸ்ட் 22, பகல் 11.17, 41 வினாடி. அவர் கேட்டார். நேரில் வரச் சொன்னார். நான் போகவில்லை. தாங்கும் என்று சொன்னது நான். போனை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவது.

3. கணக்கு இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் கொடுப்பது: நான் போட்டது, போட்டிருக்க வேண்டியது. இரண்டு சட்டி = 30 கிலோ. அது இல்லாவிட்டாலும் விழுந்திருக்கும். இந்த வரியின் கீழ் கோடு போடுவது.

4. ஸ்டேஷனுக்குள் போகும் முன்பே கருணாம்பாளைக் கூப்பிடுவது. அந்த இரண்டு சட்டியை மேஸ்திரி இனி சுமக்க வேண்டாம் என்று சொல்வது. 'மன்னிச்சுக்கங்க' என்பது நான் சொல்ல வேண்டிய வார்த்தை. போனை அவர் வைக்கும்வரை நான் வைக்கக்கூடாது.

5. வெளியே விட்டால் நேராக ஆஸ்பத்திரி. ஜான் பீட்டர். என்ன சொல்வதென்று தெரியவில்லை. போவது.

6. இனி யாராவது 'தாங்குமா' என்று கேட்டால்: நேரில் போய், அடியில் நின்று பார்க்காமல் பதில் கிடையாது.

7. அக்காவுக்கு, பிரிட்ஜில் எழுதி ஒட்டுவது: வெந்தயம், ஒரு நாளைக்கு முக்கால் டம்ளர், அரிசித் தண்ணீர் மட்டும். மழை பெய்தால் ஊற்றாதே. இருபது நாளில் அறுக்கலாம். அதற்குள் நான் வராவிட்டால் நீயே அறுத்துக்கொள்.